பச்சை டிக்கைத் தள்ளிவிட்டது யார்?

“டார்டாய்ஸ்எஸ்விஎன்னை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன். ஃபோல்டர் மேல் வர வேண்டிய பச்சை டிக் மட்டும் வரவே இல்லை. நாலாவது முறையும் செய்து பார்க்கட்டுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிப்பு பதிப்பாகக் கணக்கு வைக்கும் விண்டோஸ் நிரல்தான் டார்டாய்ஸ்எஸ்விஎன். எதுவும் மாறவில்லை என்பதற்கு அது காட்டும் அடையாளம் பச்சை டிக்.

வேண்டாம். முதலில் அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பாருங்கள். டார்டாய்ஸ் மெனு வருகிறதா? விண்டோஸ் 11-இல் அது ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் ஒளிந்திருக்கலாம். மெனு வந்து, மாற்றங்களைப் பதிவேற்றும் கமிட்டும் புதிய மாற்றங்களைக் கொண்டுவரும் அப்டேட்டும் வேலை செய்தால் நிறுவலில் பழுதில்லை. ஃபோல்டர் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் மட்டும் செட்டிங்ஸில் அந்த வகை டிரைவுக்கு ஐகான் காட்டச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால், டிக்கை யாரோ வரிசையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அந்த டிக்கை ஓவர்லே என்பார்கள். ஐகானின் மூலையில் ஒட்டும் குட்டிப் படம். ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் ஒரு கோப்பைக் காட்டும் முன், பதிவு செய்துள்ள ஒவ்வொரு ஓவர்லே நிரலிடமும் “இது உன்னுடையதா?” என்று கேட்கும். ஆம் என்று பதில் வந்தால் அதன் படத்தை ஒட்டும். எத்தனை நிரல்களிடம் கேட்கும் என்பதில்தான் சிக்கல்.

மொத்தம் 15 ஓவர்லேக்களுக்குத்தான் இடம். அதென்ன 15? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஐகானை எப்படி வரைய வேண்டும் என்ற குறிப்புகளையெல்லாம் விண்டோஸ் ஒரே எண்ணுக்குள் அடைத்து அனுப்புகிறது. அந்த எண்ணில் எந்த ஓவர்லே என்று சொல்ல ஒதுக்கியிருப்பது வெறும் நான்கு பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் நான்கு கட்டங்கள். நான்கு பிட்டில் 0 முதல் 15 வரை 16 மதிப்புகளை எழுதலாம். 0 என்றால் ‘எதுவும் ஒட்டாதே’. மிச்சம் 15. கிகாபைட் கணக்கில் நினைவகம் வைத்திருக்கும் இன்றைய கணினியிலும் பச்சை டிக்கின் தலையெழுத்தை அந்த நான்கு பிட்தான் எழுதுகிறது.

ஷார்ட்கட் அம்புக்குறி போன்றவற்றுக்காக விண்டோஸே சில இடங்களை வைத்துக்கொள்ளும். டார்டாய்ஸிடம் ஒன்பது ஓவர்லேக்கள். மேகச் சேமிப்பு நிரல் ஒன்றிரண்டு வந்துவிட்டால் இடம் தீர்ந்துபோகும். அப்புறம் யார் உள்ளே, யார் வெளியே? திறமை, தேவை எதையும் பார்ப்பதில்லை. பெயர்களின் அகர வரிசைதான். இது தெரிந்ததும் நிரல் எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியைப் போட்டார்கள். இடைவெளி எல்லா எழுத்துக்கும் முன்னால் வருமே! அதைப் பார்த்த அடுத்தவர் இரண்டு இடைவெளி போட்டார். பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டி முண்டியடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

மறுநிறுவல் ஏன் உதவவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அது அதே பெயரை அதே இடத்தில் எழுதுகிறது, வரிசை மாறுவதில்லை. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நிறுவுவதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். நானும் ஒரு மாலை முழுக்க அதைச் செய்தவன்தான்.

சரி, வழிக்கு வருவோம். விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியை அதற்கான எடிட்டரில் (regedit) திறந்து, ஹெச்கேஎல்எம் (HKEY_LOCAL_MACHINE) கிளைக்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் ‘ஷெல்ஐகான்ஓவர்லேஐடென்டிஃபையர்ஸ்’ என்று ஒரு கீ இருக்கும். அதைத் திறந்தால் மொத்தக் கூட்டமும் தெரியும். சில பெயர்கள் இடைவெளியால் சற்று உள்தள்ளி நிற்கும். முதலில் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பிறகு உங்களுக்குத் தேவையில்லாதவற்றை நீக்குங்கள். எக்ஸ்ப்ளோரர் இந்தப் பட்டியலைத் தொடங்கும்போதுதான் படிக்கும். ஆகவே டாஸ்க் மேனேஜரில் அதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டிக் வந்த பிறகும், நீக்கக் குறித்த கோப்பின் மேல் அதற்குரிய குறி இல்லாமல் ‘மாற்றப்பட்டது’ என்பதற்கான சிவப்பு ஆச்சரியக்குறி நின்றால் பதற வேண்டாம். இடம் போதாவிட்டால் டார்டாய்ஸ் சில குறிகளைத் தானே விட்டுக்கொடுத்து, நெருங்கிய பொருளுள்ள வேறொன்றைக் காட்டும். இன்னும் ஓர் இடம் காலியானால் அதுவும் சரியாகிவிடும்.