ஏ.ஆர். புத்தகத்தை யார் படிப்பது?

வலது கைக்காரர் ஒருவர் எதிரே நின்று ஓங்கிக் குத்தினால், வாங்குபவருக்குப் பெரும்பாலும் இடது பக்கத் தாடைதான் உடையும். அதுவும் காதுக்குக் கீழே எலும்பு வளைகிற இடத்தில். ஞானப்பல் முளைக்காமல் உள்ளே புதைந்து கிடந்தால் அந்த இடம் இன்னும் பலவீனம். கால் இடறி முகவாய் தரையில் மோதினால் கதை வேறு. முகவாயில் தோல் கிழியும், காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டுப் பகுதி உடையும். முகம், தாடை அறுவை மருத்துவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தே அடியா, விழுந்ததா என்று ஓரளவு ஊகித்துவிடுவோம். நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. ஆனால் பல நேரம் எலும்பு ஒன்று சொல்லும், வாய் வேறொன்று சொல்லும்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்று வரும் பெண்ணுக்கு முகவாயில் ஒரு கீறல்கூட இருக்காது. இடது கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கும். முன்கையில் சுண்டுவிரல் பக்கமாகப் பழைய கன்றல் ஒன்று மஞ்சளாக மாறியிருக்கும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்குபவர்களுக்கு அங்கேதான் விழும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் கணவர் பதில் சொல்வார். அவரை மருந்துச் சீட்டோடு கீழே அனுப்பிவிட்டு, "வீட்டுல யாராவது கைநீட்டுறாங்களாம்மா?" என்று கேட்பேன். சிலர் அழுவார்கள். பலர் "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்பார்கள். வற்புறுத்துவதில்லை. 181 என்ற உதவி எண்ணை வாயால் சொல்லி மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வேன். சீட்டில் எழுதிக் கொடுத்தால், வீட்டில் அதற்கும் சேர்த்து அடி விழலாம்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான கணக்கு 29 சதவீதம். நம் மாநிலம் எவ்வளவோ விஷயங்களில் முன்னால் நிற்கிறது, இதிலுமா என்று எரிச்சல்தான் வருகிறது.

ஆண்களின் கதை வேறு மாதிரி. கோயில் கொடை, கல்யாண வீட்டு ஆட்டம், டாஸ்மாக் வாசல், பைக் உரசல். காரணத்தைக் கேட்டால் அவர்களுக்கே சொல்ல வெட்கமாக இருக்கும். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்புத் தோழனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். பென்சில் தகராறில் தொடங்கியது என்று செய்தி வந்தது.

"இப்பல்லாம் வன்முறை கூடிப்போச்சு, இல்ல டாக்டர்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் போலீஸ் கணக்கை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அடிபட்டு வருபவர் முதலில் கேட்பதே "ஏ.ஆர். போடாதீங்க சார், கேஸ் வேண்டாம்" என்பதுதான். ஏ.ஆர். என்பது அடிபட்டு வருபவரின் காயத்தை மருத்துவமனையில் எழுதிவைக்கும் விபத்துப் பதிவேடு; அதில் ஏறினால் போலீசுக்குத் தகவல் போகும். போட்டுவிட்டால் அடுத்த பேரம் ஆரம்பமாகும். எலும்போ பல்லோ முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம். ஏழு ஆண்டு வரை சிறை. ஒரு தரப்பு "பல்லு லேசா ஆடுதுன்னு மட்டும் எழுதுங்க" என்று கெஞ்சும். இன்னொரு தரப்பு எப்போதோ விழுந்துபோன பல்லையும் இந்தக் கணக்கில் சேர்க்கப் பார்க்கும். ஆறிய ஈறு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் தலைநகரான கார்டிஃபில் ஜொனாதன் ஷெப்பர்டு என்ற முகத்தாடை அறுவை மருத்துவருக்கும் இதே சந்தேகம் வந்தது. அடிதடியில் காயப்பட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பகுதி போலீஸ் பதிவில் இல்லை என்று அவர் கண்டுபிடித்தார். 1990களின் பிற்பகுதியில் மருத்துவமனை, போலீஸ், நகராட்சி மூன்றும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையில் சில கேள்விகள் கேட்கப்பட்டன: எந்த இடம், எத்தனை மணி, எதால் அடித்தார்கள், அடித்தவர்கள் எத்தனை பேர். பெயர் இல்லாமல் அந்தத் தகவல் மட்டும் போலீசுக்கும் நகராட்சிக்கும் போனது. எந்த மதுக்கூட வாசலில் எந்த இரவில் ஆள் நிற்க வேண்டும் என்பது தெரிந்தது. எளிதில் உடையும் கண்ணாடிக் கோப்பைகளை மாற்றினார்கள். 2011இல் வெளியான ஆய்வுப்படி, ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட அங்கே வன்முறைக் காயங்களால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 42 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே யாரும் மனிதர்களின் குணத்தை மாற்றவில்லை. அடி விழுகிற இடத்தையும் நேரத்தையும் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

நமக்குப் புதுப் படிவம்கூட வேண்டாம். 'தெரிந்த நபர்கள் இருவர், கட்டையால், இன்ன இடத்தில், இரவு 10 மணிக்கு' என்று நம் ஏ.ஆர். புத்தகத்தில் எல்லாம் ஏற்கெனவே எழுதப்படுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகிறது. மொத்தப் புத்தகத்தையும் சேர்த்து வைத்து ஒருவரும் படிப்பதில்லை.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினால் நான்கிலிருந்து ஆறு வாரம் கஞ்சியும் பாலும்தான். வாந்தி வந்தால் கம்பியை அறுக்கத் தலைமாட்டில் ஒரு கட்டர் இருக்கும். அந்த வாரங்களில் அடிபட்ட பையனால் அதிகம் பேச முடியாது. சுற்றி நிற்கும் கூட்டாளிகள்தான் பேசுவார்கள், "யாருன்னு மட்டும் சொல்லு மாப்ள" என்று. பழிவாங்கும் திட்டம் பெரும்பாலும் வார்டிலேயே உருவாகிவிடுகிறது. ஆனால் வாராவாரம் அவன் எங்களிடம் வந்தாக வேண்டும். வயதில் பெரிய, அவன் ஊர்ப் பேச்சு தெரிந்த ஓர் ஆலோசகர் அப்போது அவனோடும் அந்தக் கூட்டாளிகளோடும் உட்கார்ந்தால், அடுத்த தாடையாவது தப்பும். ஸ்காட்லாந்து மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள்.

பெயரை மறைத்து, இடம், நேரம், ஆயுதம், எத்தனை பேர் என்று நான்கு கட்டம் போட்ட பட்டியல் ஒன்று மாதம் ஒருமுறை மாவட்ட ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்குப் போனால் போதும். ஓர் எழுத்தருக்கு அரை நாள் வேலை. யாராவது கேட்டால் எங்கள் பிரிவின் முதல் பட்டியலை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.