முள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் பட்டறைக்கு வருகிறவர்களின் பேச்சே மாறிவிடும். "குடும்பத்தோட நியூசிலாந்து போறோம் அண்ணே, மோட்டார்ஹோம் எடுத்திருக்கோம், என்ன கவனிக்கணும்?" என்பார்கள். மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையலறையோடு உள்ளேயே தங்கக்கூடிய வண்டி. பிரேக், டயர் எல்லாம் அவர்களே படித்துவிட்டு வந்திருப்பார்கள். டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எரிபொருள் முள்ளைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் முதலில் சொல்வது அதைத்தான்.

சிங்கப்பூரில் நமக்கு அந்தக் கவலை பழக்கமில்லை. முள் சிவப்பைத் தொட்டாலும் பக்கத்திலேயே ஒரு பெட்ரோல் நிலையம் இருக்கும். முள்ளை நாம் உற்றுப் பார்ப்பது உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ மலேசியாவின் ஜோகூருக்குக் கடக்கும்போதுதான். நம் ஊர்ப் பதிவு கார் குறைந்தது முக்கால் டாங்க் பெட்ரோலோடு போக வேண்டும் என்ற விதி 1991 முதல் இருக்கிறது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். முள்ளில் கைவைத்து ஏமாற்றப் பார்ப்பது தனிக் குற்றம். அதனால் 'முள் காட்டுவதுதான் டாங்கில் இருப்பது' என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. அது உண்மையில்லை.

டாங்குக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கழிவறைத் தொட்டியில் இருப்பதுபோல ஒரு மிதவை, அதோடு ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் மறுமுனை, மின்தடைப் பாதை பதித்த சின்ன வில்லையின் மேல் தேய்த்துக்கொண்டே ஏறி இறங்கும். அந்த மின்தடை மாறுவதைத்தான் முள் காட்டுகிறது. அது லிட்டரை அளப்பதில்லை, மிதவையின் உயரத்தைத்தான் அளக்கிறது. டாங்க் சதுரப் பெட்டியாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் அச்சுக்கும் புகைக்குழாய்க்கும் இடம்விட்டு, ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் புடைத்துத்தான் இருக்கும். அதனால்தான் மேல் பாதி மெதுவாகவும் கீழ்ப் பாதி சட்டென்றும் இறங்குவதுபோல் பல வண்டிகளில் தெரிகிறது.

பழைய வண்டியிலிருந்து மிதவையும் வில்லையும் சேர்ந்த அந்த யூனிட்டைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை மாட்டுவேன். மிதவைக் கம்பியை மெதுவாகத் தூக்கினால் எண் சீராக மாற வேண்டும். தேய்ந்த யூனிட்டில் பாதி வழியில் எண் குதிக்கும், கம்பி முனை அதிகம் உரசும் இடத்தில் பாதை வெளிறிப்போயிருக்கும். மின்சாரம் வண்டியின் உடலுக்குத் திரும்பும் எர்த் ஒயர் துருப்பிடிப்பது இதைவிட மோசம். அங்கே கூடுதல் மின்தடை சேர்ந்துவிடும். அமெரிக்க ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் நெடுங்காலம் இருந்த அமைப்பில் மின்தடை 0 ஓம் என்றால் காலி, 90 ஓம் என்றால் முழுசு. அதில் எர்த் கெட்டால் காலி டாங்க்கூட நிறைந்ததாகக் காட்டும். வேறு சில அமைப்புகளில் 240 ஓம் காலி, 33 முழுசு. பொருந்தாத யூனிட்டை மாட்டினால் முள் தலைகீழாகவே ஓடும்.

மோட்டார்ஹோமில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். வண்டியின் அடிப்பாகத்தை ஒரு நிறுவனம் செய்யும், வீட்டை இன்னொரு நிறுவனம் கட்டும். ஒயரும் எரிபொருள் ஊற்றும் குழாயும் நீண்டு வளைந்து போகும். டாங்க் பெரியது, அகலமானது என்பதால் சரிவில் நிறுத்தினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி முள் கால்வாசி வரைகூடத் தவறலாம். அப்புறம், வண்டி ஓடாமலே எரிபொருள் குறையும். பெட்ரோல் ஜெனரேட்டர் உள்ள பெரிய வண்டிகளில் அது வண்டியின் டாங்கிலிருந்தே இழுக்கும், சுமையைப் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டரை லிட்டர் வரை. டாங்க் கால்வாசிக்கு இறங்கியதும் ஜெனரேட்டருக்குக் கிடைக்காதபடி அதன் குழாயை உயரத்தில் வைப்பது வழக்கம், ஆள் நடுவழியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக. டீசல் ஹீட்டர் உள்ள வண்டியில் ஓர் இரவுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போய்விடும்.

சரி, எதை நம்புவது? பம்பில் ஓடும் லிட்டரையும், ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டரையும்தான். பம்ப் முதல் முறை தானாக நிற்கும்வரை நிரப்புங்கள், ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்புங்கள். 480 கிலோமீட்டருக்கு 62 லிட்டர் பிடித்தது என்றால் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 லிட்டர். டாங்க் 75 லிட்டர் என்றால் 15 லிட்டரைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, மீதி 60 லிட்டருக்கு 460 கிலோமீட்டர் என்று திட்டமிடுங்கள். பாதி டாங்குக்கு ஊற்றிவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். பம்ப் நிற்பதில் மூன்று லிட்டர் முன்பின் ஆனால், 20 லிட்டரில் அது 15 சதவீதப் பிழை, 60 லிட்டரில் 5 சதவீதம்தான். இரண்டு மூன்று நிரப்பலைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் துல்லியம்.

திரையில் வரும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண்ணும் அதே மிதவையையும் சமீபத்தில் ஓட்டிய விதத்தையும் வைத்துத்தான் வருகிறது. மலையிறக்கத்துக்குப் பிறகு அது தாராளமாகச் சொல்லும், அடுத்த ஏற்றத்தில் சரசரவென்று குறையும். அமெரிக்காவில் வண்டி எடுப்பவர்களுக்கு ஒன்று: அங்கே ஒரு கேலன் 3.785 லிட்டர். கேலனுக்கு 8 மைல் என்றால் 100 கிலோமீட்டருக்கு 29 லிட்டருக்கு மேல், பெரிய மோட்டார்ஹோமுக்கு அது சாதாரணம்.

நியூசிலாந்தில் டீ அனா என்ற ஊரிலிருந்து மில்ஃபர்ட் சவுண்ட் என்ற சுற்றுலா இடம் 118 கிலோமீட்டர், மலைப்பாதை. போய்வரும் தூரத்துக்கும் சேர்த்து டீ அனாவிலேயே நிரப்பிவிட வேண்டும். எரிபொருளை அடிமட்டம் வரை இறக்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டாங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டிகளில் அதைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் எரிபொருள்தான், அது குறைந்தால் பம்ப் சூடாகிவிடலாம்.

சாவி வாங்கும்போதே டாங்க் எத்தனை லிட்டர், பெட்ரோலா டீசலா, ஹீட்டர் எதிலிருந்து இழுக்கிறது என்று கேளுங்கள். ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். நியூசிலாந்தில் டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் தனியாக உண்டு, அதைச் சரிபார்க்கவும் அந்தப் படம் உதவும்.