எலும்பு கூடிவிட்டது, நடை எங்கே?

"எக்ஸ்ரேல எலும்பு கூடிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் தம்பி கால ஊன முடியல?"

வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, 6 வாரம் மாவுக்கட்டில் இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா கேட்டது இது. பிசியோதெரபி அறையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்விதான். கணுக்கால் எலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் மூட்டு இறுகி, கெண்டைக்கால் சதை இளைத்துவிடும். போதாக்குறைக்கு, பயம்.

பாதி எடை ஊனலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். எடை மெஷின் மேல் அடிபட்ட காலையும், பக்கத்தில் அதே உயரப் பலகை மேல் நல்ல காலையும் வைக்கச் சொன்னேன். "பாதி குடுத்துட்டேன்" என்றார். அவர் எடை 64 கிலோ. முள் காட்டியது 8. அன்றைக்கு நாங்கள் வேறு பயிற்சியே செய்யவில்லை. முள் 30-ஐத் தொடும்வரை அதேதான். வீட்டில் எடை மெஷின் இருந்தால் நீங்களும் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு ஊனலாம் என்று உங்கள் டாக்டர் சொன்ன பிறகு.

அடுத்தது ஈரக்கால் சோதனை. பாதத்தை நனைத்துக்கொண்டு சிமென்ட் தரையில் நடந்து பாருங்கள். அடிபட்ட காலின் தடம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், மூட்டு இன்னும் மடங்கவில்லை என்று சந்தேகப்படலாம். அடியெடுத்து வைக்கும்போது முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னே போக வேண்டும். இறுகிய கணுக்கால் விடாது. உடம்பு சும்மா இருக்குமா? பாதத்தைத் திருப்பிக் குறுக்கு வழி பார்த்துக்கொள்ளும். வலி போன பிறகும் அந்த நொண்டல் பழக்கமாகத் தங்கிவிடும்.

முழு எடை ஊன அனுமதி கிடைத்ததும், சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் நடுவே முதலில் இரண்டு விரல் இடைவெளி போதும். நல்ல காலுக்கு எவ்வளவு தூரம் வருகிறதோ அதுதான் இலக்கு.

ஊன்றுகோல் நல்ல கால் பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சாயங்காலமானால் வீங்குவது மாதக்கணக்கில் இருக்கும், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால் வடியும். ஆனால் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடவே கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போங்கள். கூடவே மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குந்தி உட்காருவது கடைசியில்தான் வரும். அந்த அக்கா நான்காவது மாதத்திலும் நின்றபடி குனிந்துதான் கோலம் போடுகிறார். சுவரில் ஐந்து விரல் வந்துவிட்டது, நல்ல காலுக்கு ஆறு.