லயத்தைக் குடில் என்று எழுதாதீர்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகம் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் அண்மையில் இப்படி ஒரு வரி: "தொழிலாளர் குடில்களை அகற்றி, அவர்களுக்குக் குடில்கள் கட்டித்தர வேண்டும்." ஆங்கில மூலத்தில் முதலாவது லைன், அதாவது தொழிலாளர் வாழும் வரிசை அறைகளான லயம். இரண்டாவது காட்டேஜ், அதாவது தனி வீடு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில், மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கோரிக்கையே காணாமல் போய்விட்டது. குடில் என்ற சொல்லை இந்த இடத்தில் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இனியும் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளிதுதான். படைவீரர்களை வரிசையாகக் குடிவைத்த கட்டடங்களை ஆங்கிலேயர் லைன் என்றார்கள். இலங்கையில் கோப்பித் தோட்டம் போட்டபோது கூலிகளுக்குக் கட்டியதற்கும் அதே பெயர். லைன் நம் வாயில் லயன் ஆனது, லயன் லயம் ஆனது. நிலன், நிலம் என்று இரண்டும் வழங்குவது போலத்தான். இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை.

சரி, குடில் ஏன் பொருந்தாது? குடில் தனியாக நிற்பது. ஓலையோ புல்லோ வேய்ந்து, இருப்பவரே கட்டிக்கொள்வது. முனிவர் குடில் என்றால் மனதில் ஓர் அமைதி வருகிறது. லயமோ தோட்ட நிர்வாகம் கட்டியது. நீளமான ஒரே தகரக் கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், அதாவது அறைகள். ஒரு காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. அதில் ஒரு குடும்பம். இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை, பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. முன்னால் ஒடுங்கிய திண்ணை, அதற்குப் பெயர் இஸ்தோப்பு. பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் இங்கே தூக்கம் கலையும். அடுப்புப் புகை கூரையடியில் சுற்றிச் சுற்றி நிற்கும். இதையா குடில் என்பது?

'வரிசை வீடு' என்று சிலர் தூய தமிழாக்கம் தருகிறார்கள். வடிவத்தை அது சரியாகச் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரத்தில் விலை கொடுத்து வாங்கும் வீடும் வரிசை வீடுதான். வேலையோடு கட்டப்பட்ட இருப்பிடம், காலடி மண்கூடச் சொந்தமில்லை என்பதெல்லாம் லயம் என்ற சொல்லுக்குள் இருக்கிறது. வரிசை வீட்டுக்குள் இல்லை. 'தொழிலாளர் குடியிருப்பு' அலுவலகக் கடிதத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் காட்டேஜ். அகராதியைத் திறந்தால் குடிசை, குடில் என்றுதான் இருக்கும். தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள், 'தனி வீடு' என்பார்கள். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு, சொந்தக் காணியோடு: இதுதான் கோரிக்கை. 2014 அக்டோபர் 29 அன்று மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபோதும் இதே பேச்சுத்தான் எழுந்தது. 2020 ஆகஸ்டில் கேரளத்தில் மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மண்சரிவில் புதைந்தவையும் லயங்களே. மலையாளச் செய்திகளிலும் அதே சொல்தான் வந்தது. கடல் கடந்தும் ஒரே பொருளில் வழங்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒன்று?

ஆங்கில வேர் என்பதால் விலக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காம்பரா போர்த்துக்கீசியர் வழி வந்தது, இஸ்தோப்பு ஒல்லாந்தர் வழி வந்தது. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் அந்த வீட்டைச் சொல்ல அங்கே வாழ்பவர் வாயில் சொல்லே மிஞ்சாது. எஸ்டேட்டைப் 'பண்ணை' என்று மாற்றி, 'பண்ணைக் குடில்' என எழுதுகிறவர்களும் உண்டு. தேயிலை மலையில் பண்ணை ஏது? அது தோட்டம். அங்கே ஒருவரைத் தேடிப் போனால் முதலில் வரும் கேள்வி, "எந்த லயம்?"