வாகை வானோடி: ‘சாகச விமானி’ என்பது ஏன் பிழை

முதல் உலகப் போரைப் பற்றிய படமொன்றின் தமிழ்க் குரலில், 80 எதிரி விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் மான்ஃபிரெட் ஃபான் ரிக்டோஃபன் ‘தலைசிறந்த சாகச விமானி’ ஆகிவிட்டார். சிறுவர்க்கான பொது அறிவு நூல் ஒன்றிலும் இதே தொடரைக் கண்ட பிறகு வாளாவிருக்க இயலவில்லை.

இத்தொடர் பெயர்க்க முயல்வது ஆங்கிலத்தின் ‘ஏஸ்’ என்ற சொல்லை; அதுவோ பிரெஞ்சு மொழியின் ‘ஆஸ்’ என்ற சொல்லே. சீட்டுக்கட்டில் ராஜாவையும் விஞ்சும் ஒற்றைப் புள்ளிச் சீட்டுக்கு அது பெயர். 1915இல் எதிரி விமானங்களை வீழ்த்திய அடோல்ஃப் பெகூவைப் பிரெஞ்சு நாளிதழ்கள் அப்பெயரால் கொண்டாடின. ஐந்து விமானங்களை வீழ்த்தியவரே ‘ஆஸ்’ என்ற வரம்பு பின்னர் நிலைபெற்றது. ஜெர்மானியரோ தம் விமானிகளைப் ‘பீரங்கி’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர்.

‘சாகச விமானி’ என்ற தொடர் பொருந்தாது என்பதற்குப் பெகூவின் வாழ்க்கையே சான்று. போருக்கு முன்பே, 1913இல், விமானத்தைத் தலைகீழாகச் சுழற்றி ஐரோப்பாவைத் திகைக்கவைத்தவர் அவர். அதுதான் சாகசம், மெரினாக் கடற்கரையில் விமானப்படை நிகழ்த்திக் காட்டியதையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பெகூ ‘ஆஸ்’ ஆனது அந்தச் சுழற்சியால் அன்று, வீழ்த்திய விமானங்களின் கணக்கால். 40 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் ஓஸ்வால்ட் பெல்கெ 1916இல் தம் விமானிகளுக்கு வகுத்த விதிகளில் வித்தை எதுவும் இல்லை: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், இயன்றவரை பின்புறமிருந்து தாக்கு, மிக அருகில் நெருங்கிய பிறகே சுடு. பொறுமையும் கணக்கும் கொண்டு கொல்லும் இந்தத் தொழிலைச் சாகசம் என்பது, வேட்டைக்காரனைக் கழைக்கூத்தாடி என்பதற்கு ஒப்பாகும்.

சாகசம் வடசொல் என்பதால் மட்டும் நான் அதை மறுக்கவில்லை. பொருள் சரியாக இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். ‘வான்வீரர்’ என்பாரும் உண்டு. விமானப்படையில் பணியாற்றும் எவருக்கும் அது பொருந்துமாதலால், எண்ணிக்கையால் வரும் தகுதியைச் சுட்டாது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்னும் போர் இலக்கியம் பாடப்படும் என்று பாட்டியல் இலக்கண நூல்கள் வரையறுத்த மொழியில், எண்ணி அளிக்கும் பெருமைக்குச் சொல் இல்லையென்று எப்படிச் சொல்வது? வென்றவர் சூடும் பூ வாகை; விமானியைக் குறிக்க ஈழத் தமிழர் நாவில் நெடுநாளாகப் புழங்கும் சொல் வானோடி. இரண்டையும் சேர்த்து ‘வாகை வானோடி’ என்கிறேன்.

பதுங்குகுழிகளில் பெயரறியாமல் லட்சக்கணக்கானோர் மடிந்த போரில், தனித்துப் பொருதி வென்ற இவர்களின் முகங்களே அஞ்சலட்டைகளாகப் பெர்லினில் விற்பனையாயின. பிரான்சின் கினெமெர் 53 வெற்றிகளுக்குப் பின் 1917 செப்டம்பரில் பறந்து சென்று திரும்பாதபோது, இறங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டார் என்றே அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் கண்ட முதற்சொல்லை எடுத்துவைத்துவிட்டு நகரும்போது இந்த வரலாறு முழுவதும் உதிர்ந்துபோகிறது.

அந்தச் சிறுவர் நூல் குறிப்பிட்டது கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராயை. 1918 ஜூலையில் 13 நாட்களுக்குள் 10 வெற்றிகளை ஈட்டி, அதே மாதம் 22ஆம் நாள் பிரான்சின் வானில் 19 வயதில் வீழ்ந்தவர் அவர். அவரைச் சாகச விமானி என்று படிக்கும் குழந்தை, கூட்டத்துக்கு வித்தை காட்டியவராகவே எண்ணிக்கொள்ளும். அடுத்த பதிப்பிலாவது அந்த வரி ‘வாகை வானோடி இந்திரலால் ராய்’ என்று மாறவேண்டும்.