கிரிப்டிக் குளூ: தமிழில் கரந்துறை துப்பு

கரந்துறை துப்பு (பெயர்ச்சொல்): விடையின் நேர்ப்பொருளையும், அந்த விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியையும் ஒரே வாக்கியத்துக்குள் ஒளித்துத் தரும் குறுக்கெழுத்துக் குறிப்பு.

விளக்கம் போதாது, ஒன்றை அவிழ்த்துப் பார்த்தால்தான் புரியும்.

"குந்துகால் முனையில் அலை, ஆளைத் தாண்டிப் பாயும் (3)"

பாம்பன் பக்கத்து ஆள் இதைப் படித்தால் கடலைத்தான் நினைப்பார். 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய அதே குந்துகால். முனை இருக்கிறது, அலையும் இருக்கிறது, ஆளைத் தாண்டுவதும் நடக்கக்கூடியதே. துப்பு எழுதியவருக்கு வேண்டியதும் அந்த நினைப்புதான். விடைக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முனை என்றால் இங்கே நிலத்தின் முனை அல்ல, 'குந்துகால்' என்ற சொல்லின் முனை. அதாவது முதல் எழுத்து, கு. அலைக்கு இன்னொரு சொல் திரை. கு + திரை = குதிரை. சதுரங்கத்தில் நடுவே நிற்கும் ஆளைத் தாண்டிப் போய் இறங்கும் காய் அது. எழுத்து மூன்று, கணக்கும் சரி.

இந்த வகைக் குறிப்பைத்தான் ஆங்கிலத்தில் கிரிப்டிக் குளூ என்கிறார்கள். குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில்: 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டத்தைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். அதில் நேரான பொருள் கேள்விகளே இருந்தன. ஒளித்துச் சொல்லும் வகை 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தது. 'கிரிப்டோஸ்' கிரேக்கச் சொல். 'மறைந்த' என்று பொருள்.

தமிழில் இதைச் 'சங்கேதக் குறிப்பு' என்பவர்கள் உண்டு. சங்கேதம் என்பது இரண்டு பேர் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்ட அடையாளம். அந்த ஏற்பாடு தெரியாதவனுக்கு அது கடைசிவரை விளங்காது. இங்கே அப்படி எதுவும் கிடையாது, வேண்டியது அத்தனையும் வாக்கியத்திலேயே கிடக்கிறது. 'புதிர்' ரொம்பப் பொதுவான சொல், விடுகதையும் புதிர்தான். 'மறைகுறிப்பு' பரவாயில்லை, ஆனால் எங்கே மறைந்திருக்கிறது என்று சொல்லவில்லை.

'கரந்துறை' அதைச் சொல்லிவிடுகிறது. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல்; 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளில் வரும் கரவு இதுதான். உறைதல் என்றால் தங்குதல். மறைந்து, ஆனால் அங்கேயே தங்கியிருப்பது. தனுஷ்கோடி மணலில் நண்டு வளைக்குள் பதுங்கும்போது கண்ணிரண்டும் குச்சிமாதிரி வெளியே நிற்குமே, அந்த நிலை. (கரந்துறை துப்பு என்பது வினைத்தொகை, ஒற்று மிகாது. கீழே வரும் ஒரு செய்யுள் வகையின் பெயரை மட்டும் 'கரந்துறைச் செய்யுள்' என்று ச் போட்டு அச்சிடும் வழக்கம் உண்டு. துப்புக்கு நாங்கள் ஒற்றுப் போடவில்லை.)

அடுத்தது 'குளூ'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு நூல்கண்டு என்று பொருள். சிக்கலான வழிகள் கொண்ட மாளிகைக்குள் போன வீரன், அவிழ்த்துக்கொண்டே போன நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான் என்ற கிரேக்கக் கதையிலிருந்து 'வழிகாட்டும் தடயம்' என்ற பொருள் ஏறியது. தமிழில் பலரும் 'குறிப்பு' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனாலும் துப்பு என்ற சொல்லில் ஒரு ருசி இருக்கிறது: அந்தச் சொல்லே ஒரு புதிர். துப்பு என்றால் உளவு, தடயம். வலிமை ('துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது இல்லாமல் போவது இதுதான்). உணவு ('துப்பார்க்குத் துப்பாய' குறளில்). எச்சில் உமிழ்வதும் துப்புவதுதான். இன்னொரு பொருளும் உண்டு, பவளம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை கிடக்கிற கரைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. உடனே ஒரு துப்பும் கிடைத்துவிடுகிறது: "மன்னார் வளைகுடாவில் கிடப்பது போலீஸ் கையில் கிடைத்தது (3)". இரண்டு பாதிக்கும் விடை ஒன்றே, துப்பு.

இப்படி ஒரே சொல்லை இரண்டு பொருளால் சுட்டுவது நமக்குச் சிலேடை. மற்ற உத்திகளுக்கும் நம்மிடம் பழைய பெயர்கள் இருக்கின்றன. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், எழுத்தை வைத்து விளையாடும் சித்திரகவி வகைகளை அடுக்கும்போது வினாவுத்தரம், எழுத்துவருத்தனம், அக்கரச்சுதகம், மாலைமாற்று, காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் எல்லாம் வருகின்றன. வினாவுத்தரம் என்பது துண்டு துண்டாகக் கேள்வி கேட்டு, விடைகளைச் சேர்த்தால் முழுச்சொல் வரும்படி அமைப்பது. ஒன்றுக்கு மேற்பட்டது எத்தனை? பல. தோளில் தொங்குவது எது? கை. குதிரை எதன்மேல் நிற்கிறது? பலகை. எழுத்துவருத்தனம் ஓரெழுத்தாகக் கூட்டிக்கொண்டே போவது: கம், நகம், கநகம், கோகநகம். நீர், மலை, பொன், தாமரை. (இன்று கனகம், கோகனகம் என்று றன்னகரம் போட்டு எழுதுகிறோம். குறுக்கே வரும் சொல்லில் தந்நகரம் விழுந்திருந்தால் கட்டம் உடைந்தது.) அக்கரச்சுதகம் இதற்கு எதிர்த்திசை, எழுத்தைக் கழிப்பது. மாலைமாற்று, கடைசியிலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாத பாட்டு. காதைகரப்பில் கடைசியிலிருந்து ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகப் படித்தால் வேறொரு பாட்டு வெளிவரும். கரந்துறைச் செய்யுளில் இன்னொரு செய்யுளுக்கு வேண்டிய எழுத்தெல்லாம் உள்ளேயே இருக்கும்.

சதுரங்கக்காரர்கள் பார்க்க வேண்டியது சருப்பதோபத்திரம். எட்டெழுத்தில் நாலு வரி. அதை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை எழுதினால் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே பாட்டு. சதுரங்கப் பலகையில் எழுத்தைப் பொருத்தும் சதுரங்க பந்தமும் தனியே உண்டு. இந்தக் கரையில் வாழ்ந்த பாம்பன் சுவாமிகள் பாடிய பந்தங்களில் அதுவும் ஒன்று. அவர் தவமிருந்த பிரப்பன்வலசைக்குக் கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் அதைக் கட்டம் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

சதுரங்கத்தை வைத்துத் துப்பு எழுதுவது தமிழில் ஏன் சுகம் என்றால், காய்களின் பெயர்கள் எல்லாமே வேறு வேலையும் பார்க்கிற சொற்கள். மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்கும்போது பலகை விரித்து ஆடுகிறவர்கள் 'கட்டம்', 'காய்', 'வெட்டு', 'செக்' என்கிறார்கள். செக் என்பதைப் பாருங்கள். பாரசீகத்து 'ஷா', அதாவது ராஜா, பல வாய் மாறி இப்படி ஆயிற்று. எதிராளியிடம் 'செக்' என்பவர் உண்மையில் 'ராஜா' என்று கூப்பிடுகிறார். வங்கிக் காசோலைக்கு ஆங்கிலப் பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். ஆகவே "பேங்கில் கொடுப்பது, ராஜாவுக்கும் கொடுப்பது (2)".

யானையில் கொஞ்சம் நிற்க வேண்டும். சதுரங்கம் என்றால் நான்கு உறுப்பு: தேர், யானை, குதிரை, காலாள். பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போனபோது மூலையில் நின்றது தேர். யானை நின்ற இடத்தில் இன்று பிஷப் நிற்கிறார். நம் ஊர்ப் பேச்சிலோ மூலையில் நிற்பதுதான் யானை, சிலருக்கு அது கோட்டை. 'மந்திரி'யும் அப்படியே: இன்று பிஷப்புக்குச் சொல்கிறோம், பழைய ஆட்டத்தில் ராஜா பக்கத்தில், இன்றைய ராணி இடத்தில் நின்றவர் மந்திரி. அந்த மந்திரியும் மூலைவாட்டில்தான் போவார், ஒரே ஒரு கட்டம். அதனால் "மந்தி நரிவாலைப் பிடித்தால் மூலைவாட்டில் போவார் (4)" என்பது இரண்டு காலத்துக்கும் பொருந்தும். மந்தி அப்படியே நிற்க, நரியின் வால் ரி.

யானைக்கு இது: "நான் தலைவனோடு சேர்ந்தால் மூலையில் நிற்க வேண்டியதுதான் (2)". நான் என்பது யான். தலைவன் என்பது ஐ. யான் + ஐ, புணர்ந்தால் யானை. ன் தனிக்கட்டமாக நிற்காமல் ஐ ஏறி னை ஆகிவிடுகிறது. இப்படி மெய்மேல் உயிர் ஏறுவதைச் சிலர் ஏற்க மாட்டார்கள். எங்கள் கணக்கில் புணர்ச்சி இயல்பு, அது தமிழ்க் கட்டத்தின் உரிமை. ஆனால் தலைகீழாக, கோட்டையிலிருந்து க் மட்டும் பிடுங்கி 'ஓட்டை' ஆக்குவதைச் சொல்லாமல் செய்தால் அது அழுகுணி ஆட்டம்.

ஓரெழுத்துச் சொற்களை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. நன்னூல் கணக்கில் அவை 42: கோ அரசன், ஐ தலைவன், மா குதிரை என்று போகும். குதிரைக்குப் பரி, புரவி, துரகமும் உண்டு. யானைக்குக் கரி, வேழம், களிறு, பிடி. 'பிடி' என்று துப்பில் கண்டால் காயைப் பிடிப்பதா, பெண் யானையா என்று சந்தேகப்பட வேண்டும்.

அவிழ்க்கும் முறையை ஒரு பெரிய துப்பில் பார்க்கலாம்.

"சங்குக்குள் அரைக் குதிரை நுழைய, அறுபத்துநான்கு கட்டத்தில் ஆட்டம் (6)"

நேர்ப்பொருள் வாக்கியத்தின் ஒரு கோடியில்தான் இருக்கும், நடுவில் இருக்காது. தமிழில் பெரும்பாலும் வலது கோடி. இங்கே 'அறுபத்துநான்கு கட்டத்தில் ஆட்டம்' என்பதைத் தனியே வெட்டி வைத்துவிடுங்கள். மிச்சத்தில் வேலை சொல்லும் சொல் எது? ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாக முன்னால் நிற்கும். தமிழில் சொல்லின் வாலில் ஒட்டிக்கிடக்கும். 'சங்குக்குள்' என்பதில் 'உள்' கழன்றால், சங்கு என்ற பொருளுடைய சொல்லுக்குள் ஏதோ போகிறது என்று தெரியும். சங்குக்கு மூன்று எழுத்து. உள்ளே மூன்று போனால் ஆறு. ஆனால் அப்படி எதுவும் அமையவில்லை. கீழக்கரையில் சங்கு என்பதை இலக்கியம் சங்கம் என்றும் சொல்லும், நாலு எழுத்து. பாக்கி இரண்டு. அரைக் குதிரை இரண்டெழுத்து என்றால் முழுக்குதிரை நாலெழுத்து: துரகம். பாதி, துர. ச(துர)ங்கம். நேர்ப்பொருளோடு ஒத்துப்பார்த்த பிறகே மை தொட வேண்டும்.

இடறுகிற இடங்கள் சிலவே, ஆனால் எல்லாரும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதலாவது எண்ணிக்கை. கை, கோ எல்லாம் ஒரே கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம். 'அரைக் குதிரை'யில் இருக்கும் க் சந்திக்கு வந்தது, அதை விடையில் சேர்க்கக் கூடாது. ஊர்ப்பெயரிலும் கவனம்: ராமநாதபுரம் 7, இராமநாதபுரம் 8. 'ஆனை', 'யானை' இரண்டுமே 2, ஆகவே குறுக்கே போகும் சொல் விழாமல் முதல் எழுத்தை நிரப்பக் கூடாது.

திருப்பிப் போடும் உத்தியை நம்பி உட்காராதீர்கள். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது. ம், ன், ல் என்று முடியும் சொல்லைத் திருப்பினால் புள்ளிதான் முன்னால் வந்து நிற்கும். சம்பந்தரின் மாலைமாற்று 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கி ஒரு புள்ளிகூட இல்லாமல் ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

"வாலிழந்த சிப்பிமேல் பாய் விரித்தவன், பின்வாங்கத் தெரியாதவன் (4)". விடை சிப்பாய். ஆனால் துப்பில் குறை இருக்கிறது. சிப்பி வால் இழந்தால் சிப், அதோடு பாய், சரி. 'மேல்' என்றால்? மேலிருந்து கீழ் எழுதும் சொல்லில் சிப்புதான் மேலே இருக்கிறது, பாய் அடியில். இடமிருந்து வலத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. 'விரித்தவன்' என்பதற்கும் வேலை கிடையாது. ஒவ்வொரு சொல்லும் கூலிக்கு உழைக்க வேண்டும். "வாலிழந்த சிப்பியும் பாயும் சேர்ந்தால் பின்வாங்கத் தெரியாதவன் (4)" என்றால் அழகு கொஞ்சம் குறைந்தாலும் நியாயம் வந்துவிடுகிறது.

ஆட்டத்தின் விதியில் தவறும் துப்புகளும் உண்டு. "இரா ஜாமத்துக்குள் ஒளிந்தவனைப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது (2)". இ'ரா ஜா'மத்துக்குள் ராஜா பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறார், கரந்துறைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனால் சதுரங்கத்தில் ராஜாவை யாரும் பிடிப்பதே இல்லை. 'போக்கிடம் இல்லையென்றால்' என்று மாற்றினாலும் தீராது: செக் இல்லாமல், நகர்த்த எந்தக் காயும் இல்லாமல் நின்றால் அதற்குப் பெயர் ஸ்டேல்மேட். ஆட்டம் அப்போதும் முடியும், ஆனால் சமநிலையில். தோல்விக்கு இரண்டும் வேண்டும்: "இரா ஜாமத்துக்குள் ஒளிந்தவன், செக் விழுந்து தப்பும் வழியும் இல்லையென்றால் தோற்றான் (2)".