குழந்தைத் திருமணம் 23.3 சதவீதம்: இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21 காலத்தில் நடந்தது. இந்தியாவில் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18 வயது நிறைவதற்குள் திருமணம் ஆகியிருக்கிறது என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் 12.8. மேற்கு வங்கத்தில் 41.6. இந்த எண்களைக் கூட்டங்களில் காட்டும்போதெல்லாம், இப்போது நடக்கிற கல்யாணங்களில் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். படித்தவர்களும் அதிகாரிகளும்கூட அப்படியே. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

முதலில், ஏன் 20 முதல் 24? பதினாறு வயதுப் பெண்ணிடம் கேட்டால் "இன்னும் ஆகவில்லை" என்பாள். அது உண்மைதான். ஆனால் அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடலாம். அவளுடைய 18 வயது கடந்த பிறகுதான் முடிவான பதில் கிடைக்கும். அதனால் அந்த வயதைத் தாண்டியவர்களில் இளையவர்களைப் பிடித்துக் கேட்கிறார்கள். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் இதே அளவுகோல்தான்.

முறை சரியானது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 2020-இல் 24 வயதான பெண்ணுக்குப் பதினைந்தில் திருமணம் நடந்திருந்தால், அது 2011-இல் நடந்தது. அந்தச் சுற்றில் கேட்கப்பட்டவர்களில் ஆக இளையவர்கள்கூட, கொரோனா வருவதற்கு முன்பே 18 வயதைக் கடந்துவிட்டவர்கள். பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், மண்டபமும் வேண்டாம், விருந்தும் வேண்டாம், செலவு குறைவு என்று அவசரமாக முடித்த கல்யாணங்களில் ஒன்றுகூட இந்த 23.3-க்குள் இல்லை. 2020-இல் பதினைந்து வயதாக இருந்தவள் இருபதைத் தொடுவதே 2025-இல்தான். ஆகவே இந்த எண்ணைக் காட்டி "கொரோனா காலத்திலும் குறைந்திருக்கிறது" என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

அப்புறம் களம். தர்மபுரிப் பக்கம் ஒரு வீடு. மருமகளுக்கு 22 வயது. கேள்வி அவளுக்குத்தான், பதில் மாமியாரிடமிருந்து வருகிறது: "பதினெட்டு முடிஞ்சுதாம்மா பண்ணோம்." பயிற்சி இல்லாதவர் என்றால் 18 என்று பதிந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எங்கள் பெண் அப்படிச் செய்யவில்லை. மூத்த பையன் என்ன படிக்கிறான் என்று சாதாரணமாகக் கேட்டாள். ரெண்டாம் வகுப்பு, ஏழு வயது. பழைய ஐந்நூறு ரூபாய் செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு முன்னால் பிறந்தவனா, பின்னாலா? முன்னால். அதாவது அம்மாவுக்குப் பதினைந்து வயதில் பிறந்த பிள்ளை. அதற்குள் குழுவில் இன்னொருவர் பிள்ளைகளின் எடை, உயரம் பார்க்க வேண்டும் என்று மாமியாரை வாசல் பக்கம் அழைத்துப் போய்விட்டார். மருமகள் தணிந்த குரலில் சொன்னாள்: "ஒன்பதாவது முழுப் பரீட்சை லீவுல பண்ணிட்டாங்கக்கா."

யார் பொய் சொன்னார்கள் என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை இல்லை. அந்த மாமியாருக்கும் அதே வயதில்தான் கல்யாணம் ஆகியிருக்கும். சட்டம் 18 என்கிறது என்பது இன்று எல்லா வீட்டுக்கும் தெரியும், அதனால் பதிலும் 18 என்றே வருகிறது. விழிப்புணர்வு பரவப் பரவ உண்மையான பதில் கிடைப்பது கடினமாகிறது. இதைப் பயிற்சியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். திருமண வயதை நேராகக் கேட்பதோடு நிறுத்தாமல், மாதமும் வருடமும் கேட்க வேண்டும். பெரிய மனுஷியானது, பள்ளியை விட்டது, தலைப்பிரசவம், தானே புயல், கஜா புயல் என்று தெரிந்த நிகழ்ச்சிகளை ஒட்டிக் கேட்க வேண்டும்.

பிறந்த தேதியிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு தலைமுறைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றவில்லை என்று மே, ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்டார்கள். அதுவே பிறகு ஆதாரிலும் ஏறியது. நவம்பரில் பிறந்தவளுக்கு அதே வருடத்து ஜூன் தேதி இருந்தால், பதினேழு வயதும் எட்டு மாதமும் ஆனபோது நடந்த திருமணம் ஏட்டில் 18 தாண்டியதாகிவிடும்.

மாவட்ட எண்களைப் பார்க்கும்போது இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் அந்தச் சுற்றில் 32 மாவட்டங்களில் 25,650 பெண்களிடம் பேசினார்கள். மாவட்டத்துக்கு ஏறக்குறைய 800 பேர், அதுவும் 15 முதல் 49 வயது வரை. அதில் 20-24 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால் நூறை ஒட்டித்தான் இருப்பார்கள். நூறு பேரில் 20 சதவீதம் என்று வந்தால், உண்மை 12-ஆகவும் இருக்கலாம், 28-ஆகவும் இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்துக்குப் பாராட்டும் பக்கத்து மாவட்டத்துக்குத் திட்டும் விழுவது நியாயமே இல்லை. இன்னொன்று, பெண் எங்கே வாழ்கிறாளோ அங்கேதான் எண்ணப்படுகிறாள். கிருஷ்ணகிரியில் தாலி கட்டி பெங்களூருக்குக் குடிபோனவள் கர்நாடகக் கணக்கில் வருவாள்.

இவ்வளவு குறை இருந்தும் இந்த ஆய்வை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காவல்துறைப் பதிவைப் பாருங்கள்: 2020-இல் நாடு முழுவதும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் 785. இந்தியா முழுவதற்கும்! வழக்கு கூடினால் குற்றம் கூடியதா, புகார் கூடியதா என்றே தெரியாது. வீட்டுக்குள் போய்க் கேட்டால்தான் உண்மைக்குப் பக்கத்திலாவது வர முடியும். 2005-06-இல் 47.4, 2015-16-இல் 26.8, பிறகு 23.3 என்ற இறக்கம் தெரிந்ததும் இப்படித்தான். அந்தக் கடைசி இரண்டு சுற்றுகளுக்கு இடையே மேற்கு வங்கம் 41.6-லேயே நின்றதும், திரிபுரா 33.1-லிருந்து 40.1-க்கு ஏறியதும் இதனால்தான் வெளியே வந்தன.

இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, 15-19 வயதில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருப்பவர்களின் விகிதம். தமிழ்நாட்டில் அது 6.3 சதவீதம். இவர்கள் ஆய்வு நடந்த அன்றைக்கே அந்த நிலையில் இருந்தவர்கள், பழைய கணக்கு அல்ல. மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை என்பது என் ஆதங்கம்.

உங்கள் வீட்டுக்கு ஆய்வுக் குழு வந்தால் பயப்படாமல் உள்ளே விடுங்கள். அவர்கள் போலீஸ் இல்லை. வெளியாகும் தரவுகளில் உங்கள் பெயர் இருக்காது. மருமகளிடம் கேட்கும் கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும், நீங்கள் கொஞ்சம் எழுந்து வெளியே போங்கள். ஆனால் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் கல்யாணத்தை எந்த ஆய்வும் நிறுத்தாது. அதற்குக் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098 இருக்கிறது, மாவட்ட சமூக நல அலுவலர் இருக்கிறார். பத்திரிகை அடித்துவிட்டார்கள், இனி என்ன செய்வது என்று விட்டுவிடாதீர்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு அழைத்தாலும் வருவார்கள்.